மிளகு புழுக்கை போட்டுச்சா?

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் யாரும் யாருக்கும் குட் மார்னிங் சொல்வதில்லை. ‘மிளகு புழுக்கை போட்டுச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. காபி டம்ளரோடு வந்து என் கணவர் கேட்பார். பல் விளக்கிக்கொண்டே மகள் கேட்பாள். ‘போட்டுச்சு, போட்டுச்சு. நல்லா உருண்டையா, நெறையவே போட்டிருக்கு’ என்று அம்மா பதில் சொன்ன பிறகுதான் அடுப்பில் குக்கர் ஏறும். ‘இன்னும் இல்ல’ என்று சொல்லிவிட்டால், அன்று எனக்கு ஆபீஸ் லீவு.

மிளகு, நாங்கள் வளர்க்கும் முயல். வெள்ளை உடம்பு, முதுகு நெடுகக் கறுப்புப் புள்ளிகள். வெண்பொங்கலில் மிளகு போட்டதுபோல இருந்ததால் மகள் வைத்த பெயர் அது. தீராத வயிற்றுக் கோளாறோடு எங்களுடன் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ‘ஒரு முயலுக்கா இவ்வளவு?’ என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. கொஞ்ச நாள் முன்புவரை நானும் அப்படிக் கேட்டிருக்கக்கூடிய ஆள்தான்.

2021 ஆகஸ்ட். பள்ளிக்கூடம் திறக்கவில்லை. மகள் ஐந்தாம் வகுப்பு. காலையிலிருந்து மாலைவரை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், பேசுவதையே குறைத்துவிட்டாள். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ‘முயல்’ என்று ஒரே வார்த்தை. திருச்சியில் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினோம். ‘செலவே இல்லாத பிராணிக்கா. கேரட்டு, முட்டைக்கோஸ் போட்டாப் போதும்’ என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம். சினிமாவிலும் கார்ட்டூனிலும் முயல் கேரட்டைத்தானே கடித்துக்கொண்டிருக்கிறது?

கேரட், கோஸ், கடையில் விற்ற கலர் கலரான தீனி, பொரி, தோசைத் துண்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொடுத்தோம். சாயங்காலம் டீ குடிக்கும்போது என் காலைச் சுற்றிச் சுற்றி வரும். நான் ஒரு பிஸ்கட்டை உடைத்துக் கொடுப்பேன். பின்னங்காலில் எழுந்து நின்று வாங்கித் தின்னும். அந்த அழகுக்காகவே தினமும் கொடுத்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால், சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் இரவு

2022 மே மாதம், கத்திரி வெயில். ஆபீஸ் விட்டு வந்து டீ போட்டேன். மிளகு காலடிக்கு வரவில்லை. பால்கனி மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பிஸ்கட்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘வெயிலுக்குச் சோர்ந்திருக்கும்’ என்றார் என் கணவர். ஈரத் துண்டை விரித்துப் படுக்கவைத்தோம்.

இரவு பதினொரு மணிக்கு மகள்தான் கவனித்தாள். ‘அம்மா, சாயங்காலத்துலேர்ந்து ஒரு புழுக்கைகூட இல்ல.’ பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ‘நற நற’வென்று பல்லைக் கடிக்கும் சத்தம். தடவிக் கொடுத்தால் சந்தோஷத்தில் மெல்லப் பல்லை உரசும், அது வேறு. இது அப்படி இல்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

ஃப்ரிட்ஜில் மகளுக்குத் தொண்டை வலிக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருந்தது. குழந்தைக்குக் கொடுப்பதுதானே, இரண்டு சொட்டு கொடுத்தால் என்ன என்று சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். அம்மாதான் கையைப் பிடித்தார். ‘வாயில்லா ஜீவனுக்கு மனுஷ மருந்தை நீயா குடுக்காதடி. விடியட்டும், டாக்டர்கிட்ட போகலாம்.’

மறுநாள் காலை முதலில் போன கிளினிக்கில், ‘நாய், பூனைதான் எனக்குப் பழக்கம். முயல் பார்க்கிறவங்ககிட்ட கொண்டு போங்க’ என்று சொல்லிவிட்டார்கள். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் ஊரின் இன்னொரு கோடிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ‘குடல் சத்தமே இல்லம்மா. வேலையை நிறுத்திடுச்சு’ என்றார்.

நான் சிரப் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ‘நல்ல வேளை, குடுக்கல. வாய் வழியா அந்த மருந்து போனா முயல் குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவெல்லாம் செத்து, கெட்டது பெருகிடும். முயலே செத்துப்போகும்.’ அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மில்

முயலின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். டாக்டரம்மா அரிசி மில்லை உதாரணம் சொன்னார். மில்லில் நெல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், பெல்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முயலின் குடலைத் தள்ளி ஓடவைப்பது நார்ச்சத்து. அது தின்பதில் பெரும் பங்கு, ஏறக்குறைய 80 சதவிகிதம், புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். மாவும் சர்க்கரையும் அதிகமானால் குடல் மந்தமாகும், வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலிக்கும். வலித்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்பக்கமாக மட்டுமே வெளியே வர முடியும். பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. அது அவசர சிகிச்சைக்கான நேரம்.

‘இவ்வளவு வலியிருந்தா கத்தியிருக்குமே டாக்டர்?’ என்று கேட்டேன்.

‘கத்தாதும்மா. காட்டுல நரியும் பருந்தும் தேடித் திங்கிற ஜாதி இது. நோவுன்னு காட்டிக்கிட்டா அதைத்தான் முதல்ல தூக்கும். அதனால கடைசிவரைக்கும் மறைக்கும். நீங்கதான் பார்த்துக் கண்டுபிடிக்கணும்.’

அந்த வார்த்தை எனக்கு வேறோர் இடத்தில் உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள். வலிக்கு ஊசி. வாயுவைக் கலைக்கச் சொட்டு மருந்து. வயிறு உப்பி அடைத்துக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அடைப்பு இருக்கும்போது புகட்டினால் ஆபத்து, நாமாக ஆரம்பிக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். முயலை மல்லாத்தக் கூடாது. துண்டில் சுற்றி, மடியில் நிமிர்த்தி வைத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

மூன்று இரவுகள் முறை போட்டுக்கொண்டோம். பத்து மணிக்கு நான், ஒரு மணிக்கு என் கணவர், நாலு மணிக்கு அம்மா. நாலாம் நாள் விடியற்காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். கையில் ஒரு துண்டுப் பேப்பர். அதில் கடுகைவிடச் சற்றே பெரிதாக, காய்ந்துபோன மூன்று புழுக்கைகள். தங்கக் குண்டுமணியைக் காட்டுவதுபோலக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் உட்கார்ந்து சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

மொட்டை மாடியில் புல்வெளி

பிஸ்கட், பொரி, கலர் தீனி எல்லாம் அன்றோடு போயிற்று. கேரட் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி புல் வாங்கினேன். ஒரு கிலோ 700 ரூபாய். விலையைக் கேட்டு அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ‘காய்ஞ்ச புல்லுக்கா எழுநூறு? வைக்கோல் போட்டா ஆகாதா?’ டாக்டரம்மாவிடமே கேட்டோம். வைக்கோல் படுக்க விரிக்க நல்லது, சத்து போதாது என்றார்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் லால்குடிப் பக்கம். மாடு வளர்த்த வீடு. ‘புல்லு எனக்குத் தெரியாதா?’ என்று இறங்கிவிட்டார். மொட்டை மாடியில் பழைய சிமென்ட் சாக்குகளைக் கழுவி, மண் நிரப்பி, அருகம்புல் நட்டார். ஊரில் மாட்டுக்கு வைத்திருக்கும் கினியா புல்லை என் தம்பி பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஸ்ஸில் கட்டாகக் கொண்டு வருவான். அம்மா அதை நிழலில் உலர்த்துவார். பூசணம் பிடித்த ஒரு தாள் இருந்தாலும் தனியே எடுத்துப் போட்டுவிடுவார். மருந்தடித்த வயலில் அறுத்தது வேண்டாம், ரோட்டோரப் புல் வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு. டிமோத்தியும் ஊர்ப் புல்லும் கலந்து போட்டதில் செலவு பாதியாகக் குறைந்தது.

இன்னொரு வேடிக்கை. விடியற்காலையில் மிளகு குனிந்து, தன் பின்புறத்திலிருந்து எதையோ நேராக வாயில் வாங்கித் தின்பதை அம்மா பார்த்துவிட்டார். ‘சீ, அதையே திங்குதுடி!’ என்று என்னை எழுப்பினார். விசாரித்தால், அது வேறு வகையாம். உருண்டையான, காய்ந்த புழுக்கை கழிவு. திராட்சைக் கொத்துபோல மெத்தென்று ஒட்டிக்கொண்டு வருவது, குருட்டுக்குடலில் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துத் தந்த சத்து. புரதமும் வைட்டமினும் அதில்தான் இருக்கின்றன. முயல் அதைத் தின்றே ஆக வேண்டும். அது தின்னப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். ‘பழைய சோறு மாதிரின்னு சொல்லு’ என்று அம்மா அன்றோடு சமாதானமாகிவிட்டார்.

மறுபடியும், மறுபடியும்

புல்லுக்கு மாற்றியதும் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. இரண்டு மாதம் நன்றாக இருக்கும். மூன்றாவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் மூலையில் குறுகி உட்காரும். மறுபடி ஆட்டோ, சலைன், சிரிஞ்ச், இரவு முறை. நான்காவது தடவை வந்தபோது டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, வாய்க்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். மிளகுக்குக் கடைவாய்ப்பல் சரியாகத் தேயாமல் ஓரத்தில் ஊசிபோல வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. குத்தினால் மெல்லாது. மெல்லாவிட்டால் மில் நின்றுவிடும்.

‘பிறவியிலேயே தாடை அமைப்பு அப்படி இருந்திருக்கலாம். சின்ன வயசுல மெத்துனு தின்னதும் காரணமா இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தேய்ச்சு விடலாம். ஆனா மறுபடி வளரும். சில மாசத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டி வரும். மயக்க மருந்துல ரிஸ்க் இருக்கு’ என்றார்.

வீடு வரும்வரை யாரும் பேசவில்லை. இரவு என் கணவர் கேட்டார். ‘350 ரூபா முயலுக்கு இதுவரைக்கும் எவ்வளவு ஆயிருக்குன்னு கணக்குப் பார்த்தியா?’ எனக்குக் கோபம் வந்தது. ஆனால், அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த வருடம் அவர் கம்பெனியில் சம்பள உயர்வு கிடையாது. மகளின் பள்ளிக் கட்டணம் ஒரு தவணை பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்யும் குடும்பம் இல்லை எங்களுடையது.

கதவருகே மகள் நின்றிருந்தாள். ‘அம்மா, நம்ம குடுத்த பிஸ்கட்டுனாலதானே?’ என்று மட்டும் கேட்டாள்.

‘நம்ம’ என்று சொன்னாள். கொடுத்தது நான். என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது என் கணவர்தான். ‘ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடணுமா?’ என்று கேட்டார். ‘கூடாது. வாந்தி வராத பிராணி, கடைசிவரை புல் திங்கட்டும்’ என்றார்கள். ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு கைப்பிடி அருகம்புல்லை சட்டைப் பையில் வைத்திருந்தார். கண் விழித்ததும் கொடுக்க வேண்டுமாம். அன்று மாலை அதில் இரண்டு தாளை மிளகு மென்றது.

அதன்பின் நாலு முறை பல் தேய்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவிடம் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ‘நாங்க இதைக் கஷ்டப்படுத்துறோமா?’ அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். ‘எழுந்ததும் சாப்பிடுதா, உடம்பை நக்கிச் சுத்தம் பண்ணிக்குதா, உங்களைத் தேடி வருதா, பாருங்க. மூணும் இருக்கிறவரை அதுக்கு வாழ ஆசை இருக்குன்னு அர்த்தம். ஒருநாள் மூணும் நின்னு போச்சுன்னா, அப்ப நானே சொல்றேன்.’ அந்த நாள் வரும் என்று எங்களுக்குத் தெரியும். மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தட்டில் மிச்சமான இட்லி

போன ஆடி மாதம். மிளகின் தட்டில் எத்தனை தாள் மிச்சம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒருநாள் காலையில் அம்மாவின் தட்டுக்குப் போயிற்று. ஒன்றரை இட்லி அப்படியே இருந்தது. ‘பசியில்லடி’ என்றார். மறுநாளும் அப்படியே. அப்புறம் யோசித்தேன். அம்மா முறுக்கைத் தொட்டு எத்தனை நாளாயிற்று? சோற்றை ஏன் எப்போதும் ரசத்தில் குழைத்தே சாப்பிடுகிறார்? வெற்றிலைகூடப் போடுவதில்லையே?

‘அம்மா, வாயைத் திற’ என்றேன்.

‘போடி, என்னை என்ன மொசலுன்னு நெனைச்சியா?’

விடவில்லை. செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. மூன்று மாதமாக வலியாம். ‘மிளகுக்கே அவ்வளவு செலவாகுது. இதுல நான் வேற எதுக்குன்னு இருந்துட்டேன்’ என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏன் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது என்றார் பல் டாக்டர். பல்லை எடுத்தார், மருந்து கொடுத்தார். ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது.

நோவைக் காட்டினால் பாரமாகிவிடுவோம் என்று நினைத்து மறைப்பது முயல் மட்டும் இல்லை. என் அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். உடம்பு முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை.

முயல் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை விசாரியுங்கள் என்பேன். உங்கள் ஊரில் முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார்? வருடம் முழுக்கப் புல் எங்கே கிடைக்கும்? வெயில் காலத்தில் அதை எங்கே குளிர்ச்சியாக வைப்பீர்கள்? நன்றாகக் கவனித்தால் எட்டு, பத்து வருடம்கூட வாழக்கூடிய உயிர் அது. ஒரு பிறந்த நாள் பரிசுக்கு அது நீண்ட காலம். வாங்கிய பிறகு, பிஸ்கட் டப்பாவை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரம் போதாது, உங்களுக்கே எட்டக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் காலைக் கேள்வி இரண்டாகிவிட்டது. ‘மிளகு புழுக்கை போட்டுச்சா?’ என்று மகள் கேட்பாள். அம்மா பதில் சொன்னதும், ‘அம்மாச்சி, நீ எத்தனை இட்லி சாப்பிட்ட?’ என்று அடுத்ததைக் கேட்பாள்.

இன்று காலை பதில்: புழுக்கை நிறைய. இட்லி மூன்று.